கூகுளின் 'ஃப்ளட் ஹப்': ஆற்றோர நிலத்துக்கு எவ்வளவு உதவும்?

ஆறு பெருகும்போது படுகையில் குடியிருப்பவருக்கும் அங்கே பயிர் வைத்திருப்பவருக்கும் தேவைப்படும் தகவல் ஒன்றல்ல. முன்னவருக்குத் தண்ணீர் எப்போது, எதுவரை ஏறும் என்பது தெரிந்தால் பெரும்பாலும் போதும். பின்னவருக்கோ ஏறிய தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்பதும் தெரிந்தாக வேண்டும். கூகுள் நிறுவனம் கட்டணமின்றி வழங்கும் 'ஃப்ளட் ஹப்' என்ற வெள்ள முன்னறிவிப்பு இணையதளத்தை இந்த இரண்டு தேவைகளையும் வைத்து மதிப்பிட்டால், முதலாவதில் அது நன்றாகத் தேறுகிறது. இரண்டாவதில் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது.

2018-இல் பாட்னாவில் முன்னோட்டமாகத் தொடங்கிய இந்த வெள்ளக் கணிப்பு முயற்சி, 2023-இல் 80 நாடுகளையும், 2024 இறுதிக்குள் 100-க்கும் மேற்பட்ட நாடுகளையும் எட்டியது. தளத்தைத் திறந்தால் வரைபடத்தில் ஆறுகளின் மேல் புள்ளிகள் தெரியும். ஒரு புள்ளியைத் தொட்டால் அந்த இடத்தில் ஆறு இயல்பாக இருக்கிறதா, எச்சரிக்கை அளவைத் தொடுகிறதா, அபாய அளவையும் கடக்கிறதா என்பதை நிறம் காட்டுகிறது. அதோடு, அடுத்த 7 நாட்கள் வரையிலான ஏற்ற இறக்கத்தை ஒரு வரைகோடும் காட்டுகிறது. சில இடங்களுக்கு வெள்ளம் எதுவரை பரவக்கூடும் என்ற வரைபடமும் உண்டு.

இந்த ஏழு நாள் அவகாசத்தின் மதிப்பு ஆற்றோரத்தில் வாழ்பவர்களுக்குத்தான் சரியாகப் புரியும். ஒரே ஒரு நாள் முன்னதாகத் தெரிந்தால் மனிதர்களையும் மாடு கன்றுகளையும் மேட்டுக்கு ஏற்றலாம், அவ்வளவுதான். நான்கைந்து நாட்கள் கிடைத்தால் தீவனத்தையும் விதையையும் அப்புறப்படுத்தலாம், மோட்டாரைக் கழற்றி எடுக்கலாம், உரமும் பூச்சிமருந்தும் வெள்ளத்தில் கரைந்து குடிநீர்க் கிணறுகளில் சேராமல் தடுக்கலாம், முற்றிய கதிரை முன்கூட்டியே அறுத்துவிடலாம். உரம் போடும் பருவமாக இருந்தால் அதைத் தள்ளிவைப்பதும் ஒரு லாபமே.

கணிப்பு நம்பத்தக்கதா என்ற கேள்விக்கு ஓரளவு உறுதியான பதில் இருக்கிறது. ஆற்று நீரோட்டத்தை அளக்கும் 5,680 நிலையங்களின் தரவைக் கொண்டு உருவாக்கிய இந்தக் கணினி மாதிரியைப் பற்றி 'நேச்சர்' அறிவியல் இதழில் 2024-இல் வெளியான ஆய்வு, அதன் ஐந்து நாள் முன்னறிவிப்பு, ஐரோப்பாவின் 'குளோஃபாஸ்' என்ற உலக வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு அன்றன்றைக்குத் தரும் கணிப்புக்கு நிகராகவோ அதைவிட மேலாகவோ இருப்பதாகக் காட்டியது. நீர்மட்டத்தை அளக்கும் நிலையமே இல்லாத ஆறுகளுக்கும் கணிப்புத் தர முடிவதுதான் இதில் முக்கியமானது. கிராமப்புற ஆறுகளில் பல அப்படிப்பட்டவையே. ஆனால் உள்ளூர் அளவீட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியாத புள்ளிகளில் நம்பகம் குறைவு என்பதையும், மழை முன்னறிவிப்புப் பிசகினால் சிற்றாறுகளில் இந்தக் கணிப்பும் கூடவே பிசகும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிலத்தின் பக்கம் வந்தால் குறைகள் தெரியத் தொடங்குகின்றன. கரையோர வயல் மூழ்குவதற்கு ஆறு கரையைத் தாண்ட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஆற்றின் மட்டம் வடிகால் வாயைவிட உயர்ந்துவிட்டால், வயலில் பெய்த மழைநீர் ஆற்றில் இறங்க வழியின்றித் தேங்குகிறது. மதகு இல்லாத இடங்களில் ஆற்று நீரே வாய்க்கால் வழியாக எதிர்த்து ஏறுகிறது. மட்டம் பல நாட்கள் தாழாமல் நின்றால், கரைக்கு அடியில் கசிந்து மறுபுறம் மணலோடு ஊற்றாகக் கொப்பளிப்பதும் உண்டு. கரை உடைவதற்கு அது முன்னறிகுறியாகவும் இருக்கலாம். ஆற்றிலிருந்து பரவும் வெள்ளத்தைக் கணக்கிடும் பரவல் வரைபடத்தில் இவை எதற்கும் இடமில்லை. ஆகையால் வரைபடத்தில் நிறம் படியாத வயலும் நீரில் நிற்கலாம்.

நீர் நிற்கும் காலமோ எல்லாவற்றையும்விடப் பெரிய செய்தி. நீர் தேங்கிய மண்ணில் ஓரிரு நாட்களிலேயே பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்குகிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) வாயுவாக மாறி வெளியேறுகிறது. வெயில் காலத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். இரண்டு நாள் நின்ற நீரிலிருந்து மீளும் பயிர் ஆறு நாள் நின்றால் மீளாமல் போகலாம்; அதற்கு மேல், மணல் மேடிட்ட நிலத்தில் அடுத்த சாகுபடியே கேள்விக்குறியாகலாம். (வண்டல் படிந்தால் நிலம் செழிக்கும் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. படிவது வண்டலா மணலா என்பதைப் பொறுத்தது அது.)

ஃப்ளட் ஹப் இந்தக் கால அளவை நேரடியாகச் சொல்வதில்லை, ஆனாலும் வரைகோட்டின் இறங்குமுகத்தைப் படித்தால் ஓரளவு ஊகிக்கலாம். நீர்மட்டம் மீட்டரில் தரப்படும் இடங்களில், தம் வடிகால் எந்த மட்டத்தில் அடைபடுகிறது என்பதை ஒரு பருவத்தில் கவனித்துக் குறித்துக்கொண்டால், அடுத்த முறை அது எந்த நாளில் திறந்துகொள்ளும் என்று கணக்கிட முடியும். பல புள்ளிகளில் மட்டத்துக்குப் பதிலாக நொடிக்கு இத்தனை கன மீட்டர் என்று நீரோட்டமே தரப்படுகிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு தம் வரப்பு எத்தனை முழம் மூழ்கும் என்று எந்த உழவராலும் சொல்ல முடியாது. பயனர் தமக்கு வேண்டிய மட்டத்தைத் தாமே குறித்து, ஆறு அதற்கு மேல் எத்தனை நாள் நிற்கும் என்று பார்க்கும் வசதியே இந்தத் தளத்தில் உடனடியாகச் சேர்க்க வேண்டியது.

விதைக்கலாமா வேண்டாமா என்பது போன்ற நீண்ட முடிவுகளுக்கு, 30 நாள் வரை நோக்கும் குளோஃபாஸையும் பார்ப்பது நல்லது. அதன் வரைபடம் வல்லுநர்களுக்காக அமைக்கப்பட்டிருப்பதால் பழகிக்கொள்ளப் பொறுமை வேண்டும்.

அணைக்குக் கீழே இருக்கும் ஊர்கள் மட்டும் இந்தத் தளத்தை இரண்டாம் இடத்தில் வைப்பதே சரி. மதகுகளை எப்போது, எவ்வளவு திறப்பது என்பது அணையை இயக்குவோரின் முடிவு. மழையையும் நில அமைப்பையும் கொண்டு கணிக்கும் மாதிரிக்கு அந்த முடிவு முன்கூட்டித் தெரியாது. அங்கே தண்ணீர் திறப்பு அறிவிப்பு வந்துவிட்டால், திரையில் புள்ளி இயல்பு நிறத்திலேயே இருந்தாலும் மாட்டை அவிழ்த்துவிட வேண்டியதுதான்.