எச்சரிக்கை: பெங்களூரில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று விற்கும் சைக்கிள் பைகள்

தெற்கு பெங்களூரில் ஒரு சைக்கிள் கடை ‘லாங் ரைடு கிட்’ என்று நாலு பைகளைச் சேர்த்து 7,200 ரூபாய்க்கு விற்கிறது. ஹேண்டில்பாரை ஒட்டித் தொங்கும் ஸ்டெம் பை இரண்டு, டாப் ட்யூப் (ஹேண்டிலிலிருந்து சீட் வரை ஓடும் மேல் குழாய்) மேல் உட்காரும் பை ஒன்று, சீட்டுக்குப் பின்னால் கட்டும் சாடில் பை ஒன்று. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பையின் அடையாளம் சொல்கிறேன்: கறுப்புத் துணி, ஜிப்பில் ஆரஞ்சு நிற ரன்னர், ஸ்டெம் பையின் அடியில் ஒரே ஒரு நாடா. இது உங்களிடம் இருந்தால் இன்றைக்கே அந்த நாடாவைக் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். எனக்கு அது மழையில், இருட்டில், வண்டி ஓடும்போது பிய்ந்தது.

‘ஒரு பைக்கா இவ்வளவு பெரிய பதிவு’ என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்குச் சாப்பாடு கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது அலங்காரம் இல்லை. உடம்பு சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை, கொஞ்சம் வேகமாக மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் தீரத் தொடங்கிவிடும். அதன் பிறகு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் சுமாருக்கு இருக்கும். அப்படியென்றால் அரை மணிக்கு ஒரு தடவை ஏதாவது வாயில் விழ வேண்டும். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, முதுகுப் பையைக் கழற்றி, தேடி எடுத்துச் சாப்பிட்டால் நாலு நிமிடம். மணிக்கு இரண்டு தடவை, பத்து மணி நேரம் என்று கணக்குப் போட்டால் 80 நிமிடம் அங்கேயே போய்விடும். பிரெவே என்பது குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நீண்ட தூர ரைடு. 200 கி.மீ. பிரெவேக்குக் கொடுக்கும் நேரமே பதின்மூன்றரை மணி. 300-க்கு 20 மணி. உண்மையில் யாரும் அந்த 80 நிமிடத்தைச் செலவு செய்வதில்லை. ‘அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடுவார்கள். கால் ஓய்வது அங்கேதான். பிரெவே கார்டில் முத்திரை வாங்கும் கன்ட்ரோல் இடங்களைத் தவிர நடுவழியில் யாரும் உங்களுக்கு எதையும் கொண்டுவந்து கொடுக்கக் கூடாது என்பது பிரெவே விதி. ஆகவே பையில் இருப்பதுதான் உங்களுக்கு எல்லாமே.

நான் எப்படி அடுக்குவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கடைக்காரரிடமும் இதையெல்லாம் சொல்லித்தான் பை கேட்டேன். இடது ஸ்டெம் பையில் கடலை மிட்டாய். வீட்டிலேயே கவரைப் பிரித்து, ஒரு வாய் அளவுக்கு உடைத்துப் போட்டுவிடுவேன். ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக்கைக் கிழிக்க முடியாது. சாக்லேட் மார்ச் மாத வெயிலில் கூழாகிவிடும். கடலை மிட்டாய் அப்படி உருகி ஓடாது. அதோடு கொட்டை எடுத்த பேரீச்சை. நாலைந்து மணி நேரத்துக்குப் பிறகு இனிப்பு என்றாலே குமட்டும். அப்போதைக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய மினி இட்லி, சின்ன டப்பாவில். வலது ஸ்டெம் பையில் இரண்டாவது தண்ணீர் பாட்டில், ஓஆர்எஸ் பாக்கெட்டுகள். (ஒரு லிட்டர் என்று போட்டிருக்கும் பாக்கெட்டை 750 மில்லி பாட்டிலில் முழுதும் கொட்டாதீர்கள். கரைசல் கெட்டியானால் பலன் மாறிவிடும்.) டாப் ட்யூப் பையில் போன், பவர் பேங்க், பணம், மாத்திரை, பிரெவே கார்டு. ஓட்டும்போது தேவைப்படாத ட்யூப், டயர் லீவர், மாற்றுச் சட்டை எல்லாம் பின்னால் சாடில் பைக்கு.

கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “மேடம், இது ஐபிஎக்ஸ்7. தண்ணிக்குள்ள முக்கினாலும் உள்ள ஒரு சொட்டு போகாது” என்றார். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தும் தாங்க வேண்டும். வெறும் சாரலுக்குத் தாங்குவது ஐபிஎக்ஸ்4. அவர்கள் இணையப் பக்கத்திலும் ‘முழு வாட்டர்ப்ரூஃப், ஒவ்வொரு பைக்கும் 2 கிலோ வரை, ஒரு வருட வாரண்டி’ என்று இருந்தது. அதை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். பில் கேட்டதற்கு “மெயில்ல வந்துடும் மேடம்” என்றார். வந்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டின் போட்டோ. ஜிஎஸ்டி எண் இல்லை, பில் எண் இல்லை. பையின் அட்டையிலும் தயாரித்தவர் பெயர், விலாசம், எம்ஆர்பி எதுவும் இல்லை.

கனகபுரா சாலையில், அதாவது சத்தியமங்கலம் வழியாகக் கோயம்புத்தூர் போகும் 948-இல், கொள்ளேகால் வரை போய்த் திரும்பும் 300 கி.மீ. பிரெவே அது. என் சித்தி பையன் ஓசூரிலிருந்து வந்து கூட ஓட்டினான். போகும்போது வெயில், ஒரு குறையும் இல்லை. திரும்பி ஹலகூர் தாண்டியதும் பிடித்த மழை விடவே இல்லை. இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அவன் “அக்கா, நிறுத்து, முன்னாடி பை!” என்று கத்தினான். நல்லவேளை, வேகம் குறைவாக இருந்தது. ஓரம் கட்டி ஹெட்லைட்டில் பார்த்தால் இடது ஸ்டெம் பையின் அடி நாடா தையலோடு பிய்ந்து போயிருக்கிறது. நாடா மட்டும் ஃபோர்க்கில் சுற்றியபடி, அதன் நுனி முன்சக்கரக் கம்பிகளை உரசிக்கொண்டிருக்கிறது. ஈரத்தில் மேலே இருந்த வெல்க்ரோவும் வழுக்கி, பை கீழே தொங்குகிறது. அந்த நுனி கம்பிகளுக்குள் ஒரு சுற்று மாட்டியிருந்தால் முன்சக்கரம் அப்படியே இறுகி நின்றிருக்கும். இறக்கத்தில் முன்சக்கரம் நின்றால் ஆள் ஹேண்டிலைத் தாண்டித்தான் விழுவார். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

அந்தப் பையில் நான் எடை போட்டு வைத்தது 600 கிராம்கூட இல்லை. 2 கிலோ தாங்கும் என்றவர்கள் விற்ற பை.

டாப் ட்யூப் பையைத் திறந்தால் உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கிறது. போனின் சார்ஜிங் துளை நனைந்துவிட்டதால் பவர் பேங்கில் மாட்டியும் சார்ஜ் ஏறவில்லை. பிரெவே கார்டு ஊறிப் பிரிந்து, வாங்கிய முத்திரைகள் கரைந்திருந்தன. பிய்ந்த பையிலிருந்த சாப்பாட்டை ஜெர்சியின் முதுகுப் பாக்கெட்டுக்கு மாற்றினோம். அதன் மேல் ரெயின்கோட். ஓட்டிக்கொண்டே அதற்குள் கைவிட முடியாது. நின்று எடுக்கலாம் என்றால் உடம்பு நனைந்து, நின்ற நிமிடமே நடுங்கத் தொடங்குகிறது. ஆகவே சாப்பிடாமலே ஓட்டினேன். சாத்தனூர் வருவதற்குள் கண் மங்கி, கால் கேட்கவில்லை. உடம்பில் சர்க்கரை தீர்ந்து துவண்டுபோவதை ரைடர்கள் ‘பாங்க் ஆயிடுச்சு’ என்பார்களே, அதேதான். மூடப் போன ஒரு டீக்கடையில் அந்த அம்மா அடுப்பை மறுபடி பற்றவைத்து, சர்க்கரை தூக்கலாகப் பால் போட்டுக் கொடுத்தார். அவருக்கு என் நன்றி. ரைடை அங்கேயே விட்டோம்.

ஊருக்கு வந்ததும் பைகளை சிவாஜி நகரில் பை தைக்கும் பாயிடம் கொண்டுபோனேன். பள்ளிக்கூடப் பை, டிராவல் பை என்று வாழ்நாள் முழுக்க நாடாவும் ஜிப்பும் தைத்தவர். உள்பக்கத்தை வெளியே திருப்பினார். “பாருங்கம்மா, தையல் மேல டேப்பே ஒட்டல. ஊசி போன ஒவ்வொரு ஓட்டையிலயும் தண்ணி வரும். துணி தாங்கினா போதுமா?” என்றார். பிய்ந்த நாடாவைக் காட்டி, “இது ஒத்தத் தையல். குறுக்க நெருக்கமா நாலு ஓட்டு ஓட்டியிருக்கணும். ரெண்டு இஞ்ச் உள்ள விட்டுத் தைக்க வேண்டிய நாடாவ அரை இஞ்ச் விட்டிருக்கான், நாடா மிச்சம் பண்ண” என்றார். ஜிப்பைப் பற்றியும் சொன்னார்: மேலே ரப்பர் போல் பூச்சு போட்ட ஜிப் சாரலைத் தடுக்கும், கொட்டும் மழையைத் தடுக்காது, ரன்னர் வந்து நிற்கும் முனையில் எப்போதும் ஒரு துளை இருக்கும். உண்மையிலேயே தண்ணீர் புகாத பைகளைப் பெரும்பாலும் தைப்பதில்லை, சூட்டில் ஒட்டுகிறார்கள். வாயையும் ஜிப் வைக்காமல் மடித்துச் சுருட்டி மூடுகிறார்கள். நாலு பைகளில் அப்படி ஒன்றுகூட இல்லை.

இனி கடை. முதலில் “ஓவர்லோடு பண்ணிட்டீங்க” என்றார்கள். எடையைச் சொன்னேன். அடுத்து “வாட்டர்ப்ரூஃப்னு நாங்க சொல்லல மேடம், வாட்டர் ரெசிஸ்டன்ட்” என்றார்கள். ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன், அன்று மாலையே இணையப் பக்கத்தில் அந்த வரி மாறிவிட்டது. பிறகு “பிரெவே போறவங்க எல்லாரும் உள்ள ஜிப்லாக் கவர் போட்டுத்தான் வைப்பாங்க” என்று எனக்கே பாடம். ஜிப்லாக் கவர் போட்டு வைக்க 7,200 ரூபாய்ப் பை எதற்கு? கடைசியில் சுவரில் மாட்டியிருந்த ‘நோ எக்ஸ்சேஞ்ச், நோ ரிஃபண்ட்’ பலகையைக் காட்டினார்கள். முன்சக்கரம் பற்றிச் சொன்னபோது அந்த ஆள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘உங்களுக்கு அடி ஒன்றும் படவில்லையே’ என்று ஒரு வார்த்தை அந்தக் கடையில் யாரும் கேட்கவில்லை. பணத்தைவிட எனக்கு உறுத்துவது அதுதான். அடுத்த வாரம் இன்னொருவர் அதே பையை மாட்டிக்கொண்டு நந்தி மலை இறங்குவார்.

அந்தப் பலகையைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள். பில் தராததும் அதே பட்டியலில் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியலாம். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒரிஜினல் பில் இல்லை என்று பின்வாங்க வேண்டாம். யுபிஐ ரசீது, வாட்ஸப் பேச்சு, இணையப் பக்கத்தின் படம் எல்லாம் சான்றுதான்.

எந்தக் கடையில் வாங்கினாலும் பையை உங்கள் சைக்கிளில் மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். உள்ளே ஒரு முழுத் தண்ணீர் பாட்டிலை வைத்து அடி நாடாவைப் பிடித்து உலுக்குங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, பிரேக் கேபிள் நசுங்குகிறதா என்று பாருங்கள். பெடலில் எழுந்து நின்றால் முட்டி பையில் இடிக்கக் கூடாது. கிளவுஸ் போட்ட ஒற்றைக் கையால், கீழே பார்க்காமல் திறந்து மூட வர வேண்டும். இது வராத பை எவ்வளவு நல்ல பையாக இருந்தாலும் நீண்ட ரைடுக்கு உதவாது. சாடில் பையை நிறைத்து, நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு அதற்கும் பின் டயருக்கும் நடுவில் இடம் இருக்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வாட்டர்ப்ரூஃப் என்றால், உள்பக்கத்தைத் திருப்பித் தையல் மேல் டேப் ஓடுகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் சம்மதித்தால் பைக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடியுங்கள். சொட்டினால் அது வாட்டர்ப்ரூஃப் இல்லை. நேர்மையாக விற்கும் கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். அல்சூர் பக்கம் ஒருவர் தானே ஊற்றிக் காட்டி, “இது சாரலுக்கு மட்டும்தான்” என்று சொல்லித்தான் விற்றார். அவரிடம் வாங்கினேன்.

1915-இல் புகார் பதிந்த பிறகு கடை இறங்கிவந்து, டாப் ட்யூப் பைக்கு மட்டும் பணம் தருவதாகச் சொன்னது. கூகுளில் நான் எழுதியதை நீக்கினால் முழுப் பணமும் தருகிறார்களாம். மறுத்துவிட்டேன், ஆணையத்துக்கு மனு தயார். அதே கறுப்புப் பை, ஆரஞ்சு ரன்னர் கிட் வாங்கியவர்கள் அடி நாடாவின் தையலைப் படம் பிடித்து, பணம் கட்டிய ரசீதோடு கீழே எழுதுங்கள். மனுவின் ஆங்கில, கன்னட வடிவங்களை உங்களுக்கு அனுப்புகிறேன், அப்படியே உங்கள் விவரங்களை நிரப்பிப் போடலாம். அதுவரை அந்த ஸ்டெம் பைகளை வண்டியிலிருந்து கழற்றி வையுங்கள்.