வுர்லிட்சர் ஒன் மோர் டைம்: முட்டத்துக் கடற்காற்றில் ஒரு ஜெர்மன் பாட்டுப்பெட்டி

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வுர்லிட்சர் நிறுவனத்தின் ஒன் மோர் டைம் என்ற இந்த ஜூக்பாக்ஸை, அதாவது காசு போட்டுப் பொத்தானை அமுக்கினால் வேண்டிய இசைத்தட்டைத் தானே எடுத்துப் பாடும் பெட்டியை, வாங்கலாம். ஆனால் உப்புக்காற்று எட்டாத வீடு வேண்டும், திருப்புளி பிடிக்கத் தெரிந்த ஆள் ஒருவர் கூப்பிடும் தொலைவில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் வெளிச்சத்தை மட்டும் ரசித்துவிட்டு வீட்டுக்குப் போவது நல்லது.

நான் பார்த்த பெட்டி முட்டம் கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வழியில் ஒரு சிறிய உணவகத்தில் நிற்கிறது. உரிமையாளர் கப்பலில் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹாம்பர்க்கில் ஒரு பழைய சாமான் கடையில் இதை வாங்கி, தூத்துக்குடி துறைமுகம் வழியாகக் கொண்டுவந்தார். விலை கேட்டால் பேச்சை மீனுக்குத் திருப்பிவிடுகிறார். (மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் குழம்பும் அங்கே நன்றாகவே இருக்கும். மதிய நேரத்தில் போங்கள். மாலையில் கிழங்கு தீர்ந்துவிடும்.) நான் நாகர்கோவில் மீனாட்சிபுரத்தில் ஆம்ப்ளிபயர் பழுதுபார்ப்பவன். கோயில் கொடைக்கும் மாதா திருவிழாவுக்கும் இசைத்தட்டுப் பெட்டியும் குழாய் ஒலிபெருக்கியும் சுமந்து போய்ப் பிழைத்தவன். அந்தப் பழக்கத்தில்தான் இந்தப் பெட்டியின் பின்கதவைத் திறக்கும் உரிமை எனக்குக் கிடைத்தது.

இதை எழுத வைத்தவர் ஒரு வாடிக்கையாளர், ஓய்வு பெற்ற வங்கிக்காரர். பெட்டியின் பின்புறத் தகட்டைக் குனிந்து படித்துவிட்டு நிமிர்ந்தார். “அண்ணாச்சி, வுர்லிட்சர் என்றால் அமெரிக்கா அல்லவா? இதில் ஜெர்மனி என்று போட்டிருக்கிறதே. உங்களை ஏமாற்றிவிட்டார்கள்.” உரிமையாளருக்கு முகம் வாடிவிட்டது. அந்த வாட்டம் தேவையற்றது என்று அன்றைக்கே சொன்னேன். காரணங்களோடு எழுதினால் அவர் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வார் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ருடால்ப் வுர்லிட்சரே ஜெர்மனிக்காரர். சாக்சனிப் பகுதியில் ஷோனெக் என்ற ஊரில் பிறந்தவர். 1850-களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் இசைக்கருவி வியாபாரம் தொடங்கியபோது, சொந்த ஊரில் செய்த கருவிகளை வரவழைத்துத்தான் விற்றார். பிற்பாடுதான் நியூயார்க் மாநிலத்தில் வடக்கு டோனவாண்டா என்ற ஊரில் பெரிய தொழிற்சாலை வந்தது. ஊமைப்பட அரங்குகளுக்கான ராட்சத ஆர்கன்கள் அங்கிருந்து போயின. பேசும்படம் வந்து அந்த வியாபாரத்தை முடித்து வைத்தது. 1930-களில் நிறுவனம் ஜூக்பாக்ஸ் பக்கம் திரும்பியது. 1946-இல் பால் புல்லர் வடிவமைத்த 1015 என்ற மாடல் வந்தது. வளைந்த தலை, நிறம் மாறும் தூண்கள், குழாய்களில் மேலே மேலே ஓடும் குமிழிகள். ஜூக்பாக்ஸ் என்றதும் நம் மனத்தில் எழும் படம் எதுவோ, அது இந்த 1015தான். 56,000-க்கும் மேல் விற்றது.

வடக்கு டோனவாண்டாவில் ஜூக்பாக்ஸ் உற்பத்தி 1974-இல் நின்றது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1960-இல், ஜெர்மனியின் ஹூல்ஹோர்ஸ்ட் என்ற ஊரில் நிறுவனம் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கியிருந்தது. அமெரிக்கக் கதவு மூடிய பிறகும் அங்கே வேலை ஓடியது. 1986-இல் அந்த ஆலை பழைய 1015-இன் தோற்றத்தை எடுத்து, உள்ளே புதிய இயந்திரத்தையும் ஆம்ப்ளிபயரையும் வைத்து, ஒன் மோர் டைம் என்ற பெயரில் வெளியிட்டது. முட்டத்தில் நிற்பது அதில் ஒன்று. இதற்கு டூப்ளிகேட் என்று பெயர் வைப்பது நியாயமில்லை. பிறந்த வீட்டில் வளர முடியாமல் தாய்மாமன் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு யாரும் அப்படிப் பெயர் வைப்பதில்லை.

இனி வங்கிக்காரருக்கு என் தொழில் சார்ந்த பதில். 1946-இல் அமெரிக்காவில் செய்த அசல் 1015 ஒன்றை யாராவது இலவசமாகத் தந்தாலும் முட்டத்தில் என்ன செய்வோம்? அது 110 வோல்ட்டுக்குச் செய்தது. அது பெரிய சிக்கல் இல்லை, டிரான்ஸ்பார்மர் ஒன்று போட்டால் போதும். சிக்கல் அதிர்வெண்ணில் இருக்கிறது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அந்தக் கால மோட்டார்களின் வேகம் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும், வோல்ட்டைச் சரிசெய்தாலும் வேகம் சரியாகாது. 60-க்கு அளவெடுத்த கப்பியோடு, நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்ற வேண்டிய தட்டு இங்கே ஓடினால் 65 சுற்றுதான் சுற்றும். ஐந்து கட்டையில் பாடிய பாட்டு மூன்று கட்டைக்கு இறங்கிவிடும். பாடகருக்கு ஜலதோஷம் பிடித்ததுபோல இருக்கும் என்று சிலர் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள், என் காது விடாது. கப்பி மாற்ற வேண்டும், அதற்குக் கடைசல்காரரிடம் போக வேண்டும். இன்னொன்று, அசல் 1015 பாடுவது 78 சுற்றுத் தட்டு மட்டும். 24 தட்டு, தட்டுக்கு ஒரு பக்கம். அந்த வயதுத் தட்டுகள் நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டில் உடையாமல் இருக்கின்றன?

ஜெர்மனியில் செய்தது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம் சுவர்ச் செருகியில் செருகினால் சரியான சுருதியில் பாடுகிறது. 45 சுற்றுத் தட்டு 50 கொள்ளும், 100 பக்கம். தொழிற்சாலை கடல் தாண்டியதில் அமெரிக்கத் தொழிலாளிக்கு என்ன நஷ்டமோ அது உண்மையான நஷ்டம், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் குமரி மாவட்டத்துக்காரனுக்கு அந்த இடமாற்றம் லாபம்.

அப்புறம், பாட்டுக்கு ஜெர்மனி என்றைக்குமே அந்நியம் இல்லை. 1902-இல் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் கல்கத்தாவில் பதிவு செய்த நம் நாட்டுக் குரல்கள் எல்லாம் ஹானோவருக்குக் கப்பலேறி, அங்கே தட்டாக அழுத்தப்பட்டு, திரும்பக் கப்பலேறி வந்துதான் இங்கே விற்பனையாயின. 1908-இல் கல்கத்தாவின் சியால்தா பகுதியில் தட்டு அழுத்தும் ஆலை வந்த பிறகுதான் அந்த அலைச்சல் தீர்ந்தது. அந்த முதல் தட்டுகளை யாரும் போலி என்று ஒதுக்கவில்லை.

சரி, பெட்டி எப்படிப் பாடுகிறது? நன்றாகப் பாடுகிறது. மரக்கூடு ஐந்தடி உயரம், அதனால் தபேலாவின் அடியும் பேஸ் கிடாரும் தரையில் தெரிகின்றன. டிரெபிள் கொஞ்சம் மென்மை. இன்றைய சிறிய ஸ்பீக்கர்களின் கூர்மைக்குப் பழகிய இளைஞர்கள் ‘மூடிய மாதிரி இருக்கிறது’ என்பார்கள். பழைய சினிமாப் பாட்டுக்கு அந்த மென்மை பொருந்துகிறது, தட்டில் இருக்கும் கீறல் ஒலியையும் அது அமுக்கிவிடுகிறது. சத்தத்தைப் பாதிக்கு மேல் திருகாதீர்கள். பக்கத்து மேசையில் மீன் முள் எடுத்துக்கொண்டிருப்பவர் பாவம்.

பாட்டைவிட எனக்குப் பிடித்தது பாட்டு தொடங்குவதற்கு முந்தைய நேரம். பொத்தானை அமுக்கியதும் வட்டமாக நிற்கும் தட்டுகள் மெல்லச் சுழன்று, வேண்டியது வந்ததும் நிற்கின்றன. ஒரு கை அதைப் பற்றி எடுத்து வைக்கிறது. ஊசி இறங்குகிறது. எல்லாம் கண்ணாடிக்குள் கண்முன்னால் நடக்கிறது. குழந்தைகள் பாட்டு முடிவதற்குக் காத்திருப்பது அடுத்த பாட்டுக்காக இல்லை, அந்தக் கை மறுபடி வருவதைப் பார்க்கத்தான்.

தட்டு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஜூக்பாக்ஸுக்கு நடுத்துளை பெரியதாக, ஒன்றரை அங்குலம், இருக்க வேண்டும். நம் நாட்டில் வந்த 45 சுற்று ஈ.பி. தட்டுகளில் பல சிறிய துளை உள்ளவை. துளையைப் பெரிதாக்க வேண்டும். கையால் வெட்டாதீர்கள். மையம் ஒரு நூல் விலகினாலும் பாட்டு அலைபாயும், நாகஸ்வரக்காரர் படகில் உட்கார்ந்து வாசிப்பதுபோல ஆகிவிடும். கோட்டாறில் ஒரு கடைசல் பட்டறையில் தட்டைப் பிடிக்க மரத்தில் அச்சு செய்து வாங்கினோம், சரியாக வந்தது. அரிய தட்டு என்றால் தொடவே தொடாதீர்கள், வீட்டு ரெக்கார்டு பிளேயரில் போட்டுக் கேளுங்கள். சினிமா ஈ.பி.க்களில் ஒரு பக்கத்தில் இரண்டு பாட்டு இருப்பதும் உண்டு. ஒரு பொத்தானுக்கு இரண்டு பாட்டு ஓடும். வாடிக்கையாளர்கள் இதைச் சலுகை என்று நினைக்கிறார்கள்.

காசு போடும் துளை மார்க் நாணயத்துக்குச் செய்தது. 2002-இல் யூரோ நாணயம் வந்த பிறகு ஜெர்மனியிலேயே அந்த நாணயம் புழக்கத்தில் இல்லை. இலவசமாகப் பாடும்படி அமைத்துவிட்டோம். ஆனாலும் ஐந்து ரூபாய் நாணயத்தைத் திணித்துப் பார்க்கும் ஆட்கள் குறையவில்லை. துளையின் மேல் ஒரு நாடா ஒட்டியிருக்கிறேன். அழகு கெட்டதுதான்.

குமிழிக் குழாய்களைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். உள்ளே பம்பு எதுவும் இல்லை. இந்த வகைக் குழாய்களில் பொதுவாக மெத்திலீன் குளோரைடு என்ற திரவம் இருக்கும். அது ஏறக்குறைய 40 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடியில் சிறிய சூடேற்றி ஒன்று இருந்தால் போதும், குமிழி கிளம்பும். சித்திரை வெயிலில் முட்டத்தில் குமிழிக்கு அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் குழாய் உடைந்தால் அந்த ஆவியை முகர்ந்துகொண்டு நிற்காதீர்கள். சன்னலைத் திறந்துவிட்டு வெளியே போங்கள். அது உடம்புக்குக் கெடுதல்.

குறை என்று சொல்வதானால் எல்லாம் இடத்தின் குறைதான். கடல் அங்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில் இல்லை, காதுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. செருகிகளின் பித்தளை பச்சை பூக்கிறது, சுவிட்சுகள் கரகரக்கின்றன. இரண்டு மழைக்காலம் உள்ள மாவட்டம் இது, ஈரம் விடுவதே இல்லை. பெட்டிக்குள் சிறிய பல்பு ஒன்றை இரவு முழுவதும் எரியவிட்ட பிறகு நிலைமை தேவலை. அந்தச் சூட்டுக்குப் பல்லி வருகிறது. அது வேறு கதை. தூத்துக்குடியிலிருந்து ஏற்றிவந்த லாரிக்காரர் பெட்டியைப் படுக்கப் போட்டுக்கொண்டு வந்ததில் ஒரு தூணின் பிளாஸ்டிக் விரிந்தது. அதைச் செய்தவனுக்கும் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் சம்பந்தமில்லை.

என் மைத்துனர் வீட்டில் இன்னொரு ‘ஜூக்பாக்ஸ்’ இருக்கிறது. இணையத்தில் வாங்கியது. அதே வளைந்த தலை, அதே வண்ணம். குமிழி மட்டும் பிளாஸ்டிக் தாளில் அச்சடித்த படம், பின்னால் விளக்கு ஓடுகிறது. உள்ளே இருப்பது உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் இரண்டு. ஒருநாள் ஊமையாகிவிட்டது. திறந்தேன். சிப்பின் மேல் எழுதியிருந்த எண்ணைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். வரைபடம் இல்லை, பாகம் இல்லை, வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசிய பெண்மணி மிகுந்த மரியாதையோடு ‘பழுதுபார்க்கும் வசதி கிடையாது ஐயா, புதியது வாங்கிக்கொள்ளுங்கள்’ என்றார். எந்த நாட்டில் செய்தார்கள் என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. நல்ல சாமான் எந்த நாட்டிலிருந்தும் வரும். தொழிற்சாலையை மாற்றும்போது வரைபடமும் உதிரிபாகமும் கைத்தொழிலும் கூடவே போயிருக்கின்றனவா, பெயர்ப்பலகை மட்டும் போயிருக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். ஹூல்ஹோர்ஸ்டுக்கு எல்லாம் போயின. பெட்டியைத் திறந்தால் தெரிகிறது. கம்பிகளுக்கு நிறம் ஒழுங்கு இருக்கிறது, பலகைகளைக் கழற்றி மாட்டலாம், திருகாணிகள் எட்டும் இடத்தில் இருக்கின்றன. செய்தவன், பின்னால் வரப்போகும் மெக்கானிக்கை நினைத்துச் செய்திருக்கிறான்.

வருத்தமான பகுதி ஒன்று உண்டு. ஜெர்மன் நிறுவனத்தை 2006-இல் கிடார் செய்யும் கிப்சன் வாங்கியது. 2013-இல் ஜூக்பாக்ஸ் உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே இன்று நீங்கள் வாங்குவது எதுவானாலும் பழையதுதான். பழைய பெட்டிகளுக்குப் பாகம் விற்கும் கடைகள் ஜெர்மனியில் இருக்கின்றன. முட்டத்துப் பெட்டிக்கு ஊசியும் இரண்டு பெல்ட்டும் அங்கிருந்துதான் வந்தன. சாமான் விலையைவிடத் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து அதிகம். புதியதுதான் வேண்டும் என்பவர்களுக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சவுண்ட் லெஷர் என்ற நிறுவனம் இன்றும் செய்கிறது.

வாங்குவதென்று முடிவு செய்துவிட்டீர்களா? விற்பவரிடம் சர்வீஸ் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள், விலை பேசுவதற்கு முன்பே கேளுங்கள். தட்டு எடுக்கும் கையை அசையாமல் கட்டச் சொல்லுங்கள். குமிழிக் குழாய்களைக் கழற்றித் தனிப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். வண்டியில் நிற்கவைத்தே கொண்டுவர வேண்டும் என்று ஓட்டுநரிடம் சொன்னால் போதாது, உடன் ஒருவர் ஏறி வரவேண்டும். ஆரல்வாய்மொழி தாண்டிக் காற்று அடிக்கும் இடத்தில் கயிற்றை ஒருமுறை சரிபார்க்கட்டும்.