பழைய மங்கு வாங்கப் போகிறீர்களா? பால்கண்ணாடியா, ஜப்பான் பீங்கானா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் பழைய மங்கு (தட்டு, கிண்ணம்), கிளாஸ் சேர்ப்பவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. பிள்ளைகளோடு பட்டணத்துக்குக் குடிபோகிறவர்கள் கழித்துவிடும் ஆர்கோபால், கோரெல் மாதிரியான நிறுவனங்களின் பால்கண்ணாடித் தட்டுகள், அதாவது பால்போல் வெள்ளையான கண்ணாடித் தட்டுகள் ஒன்று. பழைய பொருள் விற்கும் பண்டல் கடைகளில் கிடைக்கும் ஜப்பான் பீங்கான் இன்னொன்று. இரண்டையும் கலந்து வைக்கலாம், அழகாகவே இருக்கும். எதற்கு எது என்பதில்தான் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

சோற்றுத் தட்டுக்குப் பால்கண்ணாடிதான். நம் சாப்பாட்டில் மஞ்சள், புளி, சூடு மூன்றும் சேர்ந்தே வரும். கண்ணாடியில் மஞ்சள் ஊறாது. பீங்கானின் மேல்பூச்சில் மயிரிழை வெடிப்பு விழுந்துவிட்டால் மீன்குழம்பின் நிறம் உள்ளே இறங்கிவிடும், தேய்த்தாலும் போகாது. 1970-இல் அமெரிக்காவில் அறிமுகமான கோரெல், மூன்று அடுக்குக் கண்ணாடியை ஒன்றாக இணைத்துச் செய்தது. அதனால்தான் அவ்வளவு மெல்லிசு. அடுக்கி வைத்த தட்டுகள் அலமாரியில் கையளவு இடம்தான் பிடிக்கும்.

ஆனால் பூப்போட்ட பழைய தட்டு என்றால் கவனம் வேண்டும். 2005-க்கு முன் வந்த தன் தட்டுகளை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளும்படி கோரெல் நிறுவனமே சொல்லியிருக்கிறது. பழைய வண்ணங்களில் காரீயம் இருக்கலாம், புளிப்பும் சூடும் அதைக் கரைத்து எடுக்கும். ரசம் ஊற்றிச் சாப்பிடும் தட்டில் அந்த ஆபத்து எதற்கு? பாட்டி காலத்துப் பூத்தட்டை அலமாரியில் நிறுத்தி வையுங்கள். சாப்பிட, படமே இல்லாத வெள்ளைத் தட்டு, அதிலும் புதிதாக வந்தது.

கிண்ணம் என்று வந்தால் ஜப்பான் பீங்கானை அடிக்க ஆளில்லை. அவர்கள் சோறு சாப்பிடும் கிண்ணம் நம் ரசத்துக்கும் பாயசத்துக்கும் அளவெடுத்தது போல் இருக்கிறது. அடியில் வளையம் இருப்பதால் சூடு கையைச் சுடாது. படம் வெளிப்புறம் உள்ளதாகப் பாருங்கள். உட்புறம் தடவும்போது வண்ணம் விரலில் மேடாகத் தட்டினால் வேண்டாம். தங்கக்கோடு போட்டதை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. ஜப்பான் தட்டுகளை மட்டும் நான் எடுப்பதில்லை. பலதும் சிறியவை, வடிவமும் ஆளுக்கொன்று. சோறும் மூன்று கறியும் வைத்தால் வழியும்.

மெலமைன் என்ற கெட்டி பிளாஸ்டிக் மங்கு பக்கமே போகாதீர்கள். மஞ்சள் பிடித்துக்கொள்ளும், கொதிக்கும் குழம்புக்கும் ஆகாது. இரும்பின் மேல் பூச்சுப் பூசிய எனாமல் மங்கு எனக்குப் பிடிக்கும், சில்லு போன இடத்தில் துருப்பிடிக்காத வரை.

கிளாஸில் தேத்தண்ணிக்கு, சூட்டில் பதப்படுத்தி உறுதியாக்கிய கண்ணாடி வேண்டும். பிரான்ஸின் டுராலெக்ஸ் நிறுவனத்துக் கிளாஸ் என்றால் பெயர் அடியிலேயே இருக்கும். ஆழமாகக் கீறல் விழுந்ததை எடுக்காதீர்கள், ஒருநாள் திடீரென்று பொடிப்பொடியாக உடையலாம். மெல்லிய கிளாஸ் சிராப் தண்ணிக்குப் போதும். விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், சில்லு தெரிந்துவிடும். மங்கலாக இருந்தால் வினிகரில் ஊறப்போடலாம். உப்புப் படிவம் என்றால் போய்விடும், கண்ணாடியே அரித்திருந்தால் போகாது.

கலக்கும்போது படம் பொருந்த வேண்டியதில்லை, அளவு பொருந்த வேண்டும். முதலில் வெள்ளைத் தட்டுகளை ஒரே அகலத்தில் சேருங்கள். அப்புறம் நீலமும் வெள்ளையுமான கிண்ணங்கள், ஒவ்வொன்றும் வேறு படமாக இருந்தாலும் சரி. தீபாவளிக்கு ஆட்கள் கூடினால் அதே நிறத்தில் இன்னும் சில வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம்.