யுபிஎஸ் கண்காணிப்பு: ஏபிசியுபிஎஸ்டியா, நட்டா?

சேலத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை முந்தைய நாளே நாளிதழில் வந்துவிடுவதால், கணினியை நாமே அணைத்துவிடலாம். ஏற்காட்டில் ஐப்பசி மழையில் சில்வர் ஓக் கிளை முறிந்து மின்கம்பியில் விழுந்தால் அறிவிப்புக்கு இடமில்லை. அங்கே ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில், கணக்கு எழுதும் விண்டோஸ் கணினியும் கேமராப் பதிவுக்கான லினக்ஸ் பெட்டியும் ஒரே யுபிஎஸ்ஸில் ஓடுகின்றன. ஆளில்லாத நேரத்தில் அவை தாமாகவே முறைப்படி அணைய வேண்டும் என்று கேட்டார்கள். எந்த மென்பொருளைப் போடுவது என்று அலசியதன் விளைவே இது.

முதலில் யுபிஎஸ்ஸின் பின்புறம் யுஎஸ்பி துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விலை குறைந்த 600 விஏ திறன் கொண்ட யுபிஎஸ் வகைகள் பலவற்றிலும் வீட்டு இன்வெர்ட்டர்கள் பெரும்பாலானவற்றிலும் அது இருப்பதில்லை. இல்லையென்றால் எந்த மென்பொருளும் உதவாது.

விண்டோஸ் கணினி ஒன்று மட்டும் என்றால், கேபிளைச் செருகியதும் பல யுபிஎஸ்கள் மடிக்கணினியின் பேட்டரியைப் போலவே திரையோரத்தில் தெரிந்துவிடும்; எத்தனை சதவீதத்தில் அணைய வேண்டும் என்பதை விண்டோஸின் மின்சார அமைப்பிலேயே குறித்துவிடலாம். தனி மென்பொருள் தேவையில்லை என்பதே என் கருத்து.

லினக்ஸுக்கு வந்தால் உண்மையான போட்டி ஏபிசியுபிஎஸ்டி, நட் என்ற இரண்டு மென்பொருள்களுக்கும் இடையில்தான். ஏபிசியுபிஎஸ்டி, ஏபிசி நிறுவனத்தின் யுபிஎஸ்களுக்கென்றே எழுதப்பட்டது. ஒரே ஓர் அமைப்புக் கோப்பு. கேபிள், வகை இரண்டையும் யுஎஸ்பி என்று எழுதி, சாதனத்திற்கான வரியைக் காலியாக விட்டால் வேலை முடிந்தது. பேட்டரி 5 சதவீதத்திற்கு இறங்கினாலோ, 3 நிமிடமே மீதம் என்று கணக்கிட்டாலோ, எது முந்துகிறதோ அதில் கணினியை அணைக்கும். மின்சாரம் போய் இத்தனை வினாடி கழித்து அணை என்று சொல்லவும் ஒரே வரி போதும். குறை என்னவென்றால், 2016இல் வந்த 3.14.14 பதிப்போடு வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிட்டது.

நட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ், பல நிறுவனங்களின் யுபிஎஸ்களோடு பேசும், 2022இல் 2.8.0 பதிப்பு வந்த பிறகும் தொடர்ந்து வளர்கிறது. ஆனால் ஐந்து அமைப்புக் கோப்புகளைத் திருத்த வேண்டும். தானாக அணைவது யுபிஎஸ் 'பேட்டரி தீரப்போகிறது' என்று அறிவித்த பிறகுதான். நிமிடக் கணக்கில் அணைக்க வேண்டுமானால் அதற்கென்று தனிக் கோப்பும் ஒரு சிறு நிரலும் எழுத வேண்டியிருக்கும். யுபிஎஸ்ஸும் கணினியும் பேசிக்கொள்ளும் பழைய முறையான மெகாடெக் நெறிமுறையில் பேசும் யுபிஎஸ்களில் பலவும் பேட்டரியின் சதவீதத்தைச் சொல்வதே இல்லை. வோல்ட்டை மட்டுமே சொல்லும். 12 வோல்ட் பேட்டரிக்கு 13 வோல்ட்டை நிறைவு என்றும் 10.4 வோல்ட்டை வெறுமை என்றும் வைத்துக்கொண்டு நட் சதவீதத்தை ஊகிக்கிறது. சுமை ஏறினால் வோல்ட் சரியும், இறங்கினால் மீளும் என்பதால் அந்த எண் ஊஞ்சல் ஆடும்.

சதவீதத்தை நம்பி நானே ஒருமுறை ஏமாந்தேன். என் கடைக் கணினி, திரையில் 41 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று அணைந்தது. 7 ஆம்பியர்-மணி பேட்டரி. காகிதத்தில் 84 வாட்-மணி, ஆனால் மூன்றாவது வருடத்தில் அது சுமையைத் தாங்கவில்லை. அன்றிலிருந்து மலையில் வைக்கும் எந்தக் கணினிக்கும் சதவீதத்தைவிட நிமிடத்தையே நம்புகிறேன்: மின்சாரம் போய் நான்கு நிமிடத்தில் வரவில்லையென்றால் அணைந்துவிட வேண்டும். அடுத்தடுத்து மின்சாரம் போய்வரும் மழை நாளில், மிச்சமிருக்கும் பேட்டரிதான் இரண்டாம் தடையைத் தாங்கும்.

தோட்ட அலுவலகத்தில் இருந்தது மெகாடெக் வகை யுபிஎஸ் என்பதால் நட்டைத் தவிர வழியில்லை; ஏபிசி யுபிஎஸ்ஸும் ஒரே கணினியும் இருந்திருந்தால் ஏபிசியுபிஎஸ்டியைப் போட்டு அரை மணியில் மலை இறங்கியிருப்பேன். யுஎஸ்பி கேபிள் லினக்ஸ் பெட்டிக்குப் போகிறது. விண்டோஸ் கணினி, நெட்வொர்க்கில் நட் பேசும் 3493 என்ற எண்ணுள்ள போர்ட் வழியாக, லினக்ஸ் பெட்டியிடமிருந்து செய்தியைப் பெறுகிறது. சோதனைக்காகச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கியபோது லினக்ஸ் அணைந்தது, விண்டோஸ் அசையவில்லை. இரண்டையும் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சின் பிளக், யுபிஎஸ்ஸில் இல்லாமல் சுவரிலுள்ள சாதாரண மின் பலகையில் இருந்தது. மின்சாரத்தோடு அதுவும் போய்விட்டதால் செய்தி போய்ச் சேரவில்லை. அதை யுபிஎஸ்ஸுக்கு மாற்றிய பின் இரண்டும் அணைந்தன.

மீண்டும் தானாக எழுவது இன்னும் கைகூடவில்லை. கணினி அணைந்ததும் யுபிஎஸ்ஸும் தன் வெளியீட்டைத் துண்டித்தால்தான், மின்சாரம் திரும்பும்போது கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் விழித்துக்கொள்ளும். அதற்கான கட்டளை இரண்டு மென்பொருள்களிலும் உண்டு. இந்த யுபிஎஸ் அதற்கு அடிபணிய மறுக்கிறது. அதனால் மழைக்கு மறுநாள் காலையில் காவலாளி அண்ணன்தான் பொத்தானை அழுத்துகிறார்.