ஃபெண்டரா, மார்ஷலா? டர்பன் வீட்டுக்கும் மண்டபத்துக்கும் ஏற்ற கிட்டார் ஆம்ப்

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் ஆம்ப், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், வாங்கக் கிளம்பும் பிள்ளைகள் முதலில் கேட்பது எத்தனை வாட் என்றுதான். அடுத்த கேள்வி பிராண்ட். ப்ளூஸும் ஹார்ட் ராக்கும் வாசிக்க நினைப்பவர் அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்க வேண்டும்: இந்த ஆம்ப் எவ்வளவு சத்தத்தில் கரகரக்கத் தொடங்கும்? மெதுவாக மீட்டினால் தெளிவாகவும் அழுத்தி மீட்டினால் கரகரப்பாகவும் பேசும் அந்த எல்லையில்தான் ப்ளூஸ் இருக்கிறது. எல்லையை நன்றாகத் தாண்டினால் ஹார்ட் ராக்.

அமெரிக்காவின் ஃபெண்டரும் இங்கிலாந்தின் மார்ஷலும் பரம எதிரிகள் மாதிரி பேசப்படுகின்றன. உண்மையில் இரண்டும் ஒரே குடும்பம். 1950களின் கடைசியில் ஃபெண்டர் செய்த பாஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டை எடுத்துத்தான் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1962-63இல் ஜேடிஎம்45 பிறந்தது. பாஸ்மேனில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள், பின்பக்கம் திறந்த பெட்டி. மார்ஷலில் நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்கள், மூடிய பெட்டி. ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழல்களான வால்வுகளில் முதலாவதும் மாறியது, அதனால் சீக்கிரமே கரகரத்தது. முக்கியமான மாற்றங்கள் இவ்வளவுதான், ஆனால் குரலே வேறாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஃபெண்டர் வேறு பாதையில் போனது. 1963இல் வந்த டீலக்ஸ் ரிவெர்பை எடுத்துக்கொள்ளுங்கள்: 22 வாட், இரண்டு 6வி6 வால்வுகள், நடுச்சுருதியைக் கூட்டிக் குறைக்கும் மிட் குமிழே கிடையாது. பேஸும் (கீழ்ச்சுருதி) ட்ரெபிளும் (மேல்சுருதி) தூக்கலாகவும் நடுச்சுருதி உள்வாங்கியும் இருக்கும். ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை கிட்டாரோடு இதைச் சேர்த்து, வால்யூமை 4, 5 அருகே வைத்தால் ப்ளூஸுக்கு இதைவிட இனிமையான ஒலி எனக்குத் தெரிந்து இல்லை. பேஸை 3க்குக் கீழே இறக்குங்கள். பேஸும் ட்ரெபிளும் குறையக் குறைய நடுச்சுருதி தானாக முன்னுக்கு வரும்.

ஹார்ட் ராக்குக்கு இதே ஆம்பை முழுசாகத் திருகினால் பேஸ் குழைந்துவிடும். அழுத்தமான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துண்டு) வாசிக்கும்போது கீழ்த்தந்திகள் கொழகொழவென்று கேட்கும். கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே டியூப் ஸ்க்ரீமர் என்ற, காலால் இயக்கும் பெடலை வைத்தால் நிலைமை மாறும். அந்தப் பெடல் பேஸைக் கொஞ்சம் வெட்டி, ஏறக்குறைய 700 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியை உயர்த்துகிறது. ஃபெண்டரில் இல்லாதது அதுதான். அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் ஃபெண்டர் ஆம்ப், டியூப் ஸ்க்ரீமர் ஜோடியை வைத்துத்தான் அவ்வளவு கனமான ப்ளூஸ் வாசித்தார். பெடலில் டிரைவைக் (கரகரப்பின் அளவு) குறைத்து, லெவலைக் (வெளிவரும் ஒலியின் அளவு) கூட்டி வையுங்கள்.

மார்ஷல் பக்கம் கதை தலைகீழ். நடுச்சுருதி பிறவியிலேயே முன்னால் நிற்கிறது, அதனால் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து ஒலிக்கும்போதும் உங்கள் ரிஃப் காணாமல் போகாது. இங்கே நம் பிள்ளைகள் செய்யும் ஒரே தவறு கரகரப்பைக் கூட்டும் கெயின் குமிழை 8, 9க்கு ஏற்றி, மிட்டைச் சுழியத்துக்கு இறக்குவது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது அது பிரமாதமாகக் கேட்கும். இசைக்குழுவோடு நின்றால் கிட்டாரே கேட்காது. பழைய ஹார்ட் ராக் ஒலி நாம் நினைப்பதைவிடக் குறைந்த கெயின் கொண்டது. கெயின் 5, மிட் 6 அல்லது 7, பேஸ் 4 என்று தொடங்குங்கள்; மீதியை வலது கை பார்த்துக்கொள்ளும். அப்புறம் கிட்டாரின் வால்யூமை 10இலிருந்து 5க்கு இறக்குங்கள், அதே ஆம்ப் ப்ளூஸ் பேசும். 1966இல் இங்கிலாந்துக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் காம்போவில் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ளது) செருகி வாசித்ததும் ப்ளூஸ்தானே!

இனி வாட். 5 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் வித்தியாசம் 10 டெசிபெல். காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தம்தான், பத்து மடங்கு அல்ல. சாட்ஸ்வொர்த்தில் பாதி வீடுகளுக்குச் சுவர் பொது. அங்கே 22 வாட் வால்வு ஆம்பைக் கரகரக்கும் இடம்வரை ஏற்றினால் பக்கத்து வீட்டு ஆயா கதவைத் தட்டுவார், தட்டுவதும் நியாயம். அதனால் வாட்டைக் குறைக்கும் சுவிட்ச் உள்ளதைத் தேடுங்கள். மார்ஷலின் சிறிய எஸ்சி20, 20 வாட்டிலிருந்து 5க்கு இறங்கும். ஆரிஜின் 20 அரை வாட் வரைக்கும் இறங்கும்.

வால்வு இல்லாத டிரான்சிஸ்டர் ஆம்பை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். ப்ளூஸ் ஜாம்பவான் பி.பி.கிங் பல வருடங்கள் லேப் சீரிஸ் எல்5 என்ற டிரான்சிஸ்டர் ஆம்பில்தான் வாசித்தார். பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா 50 என்ற டிரான்சிஸ்டர் ஆம்ப் அரை வாட்டிலும் நல்ல ஒலி தருகிறது, ஹெட்ஃபோனும் செருகலாம், வால்வு மாற்றும் செலவு இல்லை. விரலின் அழுத்தத்துக்கு வால்வு அளவுக்கு உடனே இணங்குவதில்லை என்பது மட்டும்தான் என் குறை. ப்ளூஸில் அது தெரியும், ஹார்ட் ராக்கில் அவ்வளவாகத் தெரியாது.

நம் ஊருக்கென்று சில விஷயங்கள் உண்டு. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஃபெண்டர் 120 வோல்ட்டுக்குச் செய்ததாக இருக்கலாம். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் முடிந்தது. பின்பக்க எழுத்தைப் படித்துவிட்டுச் செருகுங்கள். மின்வெட்டு நேரத்தில் மலிவான இன்வெர்ட்டரில் ஓட்டினால் ஆம்ப் இரையும். வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தரும் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் வேண்டும். கடற்காற்றின் ஈரம் குமிழ்களையும் ஜாக்குகளையும் அரிக்கும். பழைய ஆம்பாக இருந்தால் எல்லாக் குமிழையும் திருகி, இரைச்சல் வருகிறதா என்று கேளுங்கள். பின்மூடியைக் கழற்றாதீர்கள், அணைத்த பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேமிக்கும் கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் மார்ஷல் பக்கம்தான். மார்ஷலில் கிட்டாரின் வால்யூமைக் குறைத்தாலே ப்ளூஸ் வருகிறது; ஃபெண்டரில் ஹார்ட் ராக் வர ஒரு பெடல் வேண்டும். வாசிப்பு முக்கால்வாசி ப்ளூஸ் என்றால் ஃபெண்டரும் ஒரு டியூப் ஸ்க்ரீமரும் எடுங்கள், தயங்கவே வேண்டாம். படுக்கையறையை விட்டு வெளியே வாசிக்கப் போவதே இல்லையா? சரி, கட்டானா போதும், மிச்சப் பணத்தில் கிட்டாருக்கு நல்ல பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) போடுங்கள்.