இருட்டில் கடவுளை அறிவது: கால்வினும் தெரேசாவும், லூத்தரும் சிலுவை யோவானும்

மறைஞானிகள், அதாவது ஜெபத்தில் கடவுளோடு ஒன்றாவதை நாடியவர்கள், கடவுளை அனுபவத்தில் தேடினார்கள், 16-ம் நூற்றாண்டில் போப்பின் சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்தவாதிகள் வேதப்புத்தகத்தில் தேடினார்கள் என்று ஒரே வரியில் பிரித்துவிடுவது வழக்கம். ஒரு சின்னப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே இந்தப் பிரிப்பு நிற்காது. 'தியோலோகியா ஜெர்மானிக்கா' என்பது அதன் பெயர். 14-ம் நூற்றாண்டில் யாரோ ஒருவர் ஜெர்மன் மொழியில் எழுதியது. சுயத்தை விட்டுக் கடவுளோடு ஒன்றாவதைப் பேசுவது. 1516-ல் அதில் ஒரு பகுதியையும் 1518-ல் முழுவதையும் அச்சில் கொண்டுவந்தவர் மார்ட்டின் லூத்தர். வேதாகமத்துக்கும் அகஸ்டினுக்கும் அடுத்தபடி தனக்கு இவ்வளவு கற்றுத்தந்த நூல் வேறில்லை என்று முன்னுரையும் எழுதினார். அதே நூலில் விஷம் ஒளிந்திருக்கிறது என்று 1559-ல் ஃபிராங்ஃபர்ட் சபையை எச்சரித்தவர் ஜான் கால்வின். இரண்டு பேருமே சீர்திருத்தவாதிகள்தான்!

அதனால் கட்சி கட்டி ஒப்பிடாமல், ஆளுக்கு ஆள் வைத்துப் பார்ப்பதே நியாயம் என்று எனக்குப் படுகிறது.

முதலில் கால்வினையும், ஸ்பெயினின் கார்மேல் சபைக் கன்னியரும் மறைஞானியுமான அவிலாவின் தெரேசாவையும் எடுத்துக்கொள்வோம். நமக்குள்ள மெய்யான ஞானம் ஏறக்குறைய முழுவதும் இரண்டில் அடங்கும், ஒன்று கடவுளை அறிவது, மற்றது நம்மை அறிவது என்று கால்வினின் முக்கிய இறையியல் நூலான 'இன்ஸ்டிட்யூட்ஸ்' தொடங்குகிறது. 1577-ல் தெரேசா எழுதிய 'உள்மனக் கோட்டை' நூலின் ஆரம்பப் பக்கங்களுக்குப் போனால், கடவுளை அறிய முயலாமல் நம்மை நாமே ஒருநாளும் அறிந்துகொள்ள முடியாது என்கிறார் அவர். ஃபிரான்ஸில் 'லூத்தரன்கள்' செய்யும் அழிவை எண்ணி அழுது, அதற்காகவே தன் கன்னியர்களை ஜெபிக்கச் சொன்னவர் தெரேசா. அவர் லூத்தரன்கள் என்று நினைத்த அந்த ஃபிரெஞ்சுக்காரர்கள் உண்மையில் கால்வினைப் படித்தவர்கள். இதை முதன்முதலில் கவனித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

ஆனால் தொடக்கம் ஒன்றாக இருந்தாலும் திரும்பும் திசை வேறு. உள்ளே பார்த்தால் கால்வினுக்குத் தெரிவது ஓயாமல் விக்கிரகங்களைச் செய்துதள்ளும் ஒரு பட்டறை. கடவுள் உண்டு என்ற உணர்வு எல்லா மனிதருக்குள்ளும் பதிந்திருக்கிறது என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அது மங்கலான பார்வை. கண் மங்கிய கிழவருக்கு எழுத்து தெரிய மூக்குக்கண்ணாடி வேண்டியிருப்பதுபோல நமக்கு வேதம் வேண்டும். தெரேசாவுக்கோ ஆன்மா வைரத்தாலான கோட்டை. ஏழு வாசஸ்தலங்கள், நடுவறையில் அரசர், நுழைவதற்கு வாசல் ஜெபம்.

இதில் காலத்தின் கையும் இருக்கிறது. அதே 1559-ல் ஸ்பெயினின் மத விசாரணை மன்றம் ஸ்பானிஷ் மொழியில் இருந்த ஆன்மீக நூல்கள் பலவற்றைத் தடைசெய்தது. தெரேசாவுக்கு லத்தீன் படிக்கத் தெரியாது. படித்துக்கொண்டிருந்த நூல்கள் போய்விட்டன. அந்தத் துக்கத்தில்தான், உயிருள்ள புத்தகம் ஒன்றை உனக்குத் தருவேன் என்று ஆண்டவர் சொல்லக் கேட்டதாக எழுதுகிறார். கால்வினின் வாசகர்கள் கையில் தாய்மொழி வேதாகமம் இருந்தது. புத்தகம் பறிபோன பெண்ணையும் புத்தகம் கிடைத்த சபையையும் அதை மறந்துவிட்டு எடைபோடக் கூடாது.

இவர்களுக்கு முந்தைய ஜெர்மன் மறைஞானி மைஸ்டர் எக்கார்ட்டை இங்கே ஓர் ஓரமாகத்தான் வைக்கிறேன். கடவுளிடமிருந்தே தன்னை விடுவிக்கும்படி கடவுளை வேண்டியவர் அவர். நாம் வைத்திருக்கும் 'கடவுள்' என்ற எண்ணம்கூடப் போக வேண்டும் என்பது பொருள். அவர் இறந்த பிறகு, 1329-ல், அவருடைய 28 கூற்றுகளின்மேல் போப்பின் கண்டனத் தீர்ப்பு வந்தது. இந்த உயரத்துக்குத் தெரேசாவே வரமாட்டார். எவ்வளவு ஆழமான ஜெபத்திலும் மனிதரான இயேசுவை விட்டுவிடாதீர்கள் என்று அவர் பிடிவாதமாகச் சொல்கிறார். அந்த ஓர் இடத்தில் அவர் எக்கார்ட்டைவிட லூத்தருக்குத்தான் பக்கம்.

சரி, லூத்தருக்கு வருவோம். 1518 ஏப்ரலில் ஹைடல்பர்க் விவாதத்தில் அவர் சொன்னது இது: படைப்பைப் பார்த்து ஊகித்துக் கடவுளின் மகிமைக்கு ஏறிப்போகிறவன் இறையியலாளன் அல்ல, சிலுவையிலும் பாடுகளிலும் கடவுளைக் கண்டுகொள்கிறவனே இறையியலாளன். கடவுள் தமக்கு நேர்மாறாகத் தோன்றும் இடத்தில் ஒளிந்திருக்கிறார். சோதனை இல்லாமல் இறையியலாளன் உருவாகமாட்டான் என்பதும் அவருடைய அழுத்தமான கருத்து. லூத்தர் எழுதியது என்று சொல்லாமல் இதைக் காட்டினால், யாரோ ஒரு மறைஞானி எழுதியது என்றே பலரும் நினைப்பார்கள்.

கடவுள் ஒளிந்திருக்கும் அந்த இருட்டைப் பேசியவர்தான், தெரேசாவின் சபையைச் சேர்ந்த ஸ்பானிஷ் மறைஞானி சிலுவை யோவானும். 1577 டிசம்பரில் அவருடைய சொந்த கார்மேல் சபைத் துறவிகளே அவரைப் பிடித்து டொலேடோவில் சின்னஞ்சிறு அறையில் அடைத்தார்கள். 1578 ஆகஸ்டில்தான் தப்பினார். பிற்பாடு 'இருண்ட இரவு' நூலில், ஜெபத்தில் இருந்த ருசியெல்லாம் போய்விடும் காலத்தைத் தாய் பால் மறக்கடிப்பதோடு ஒப்பிடுகிறார். மார்பில் கற்றாழைக் கசப்பைத் தடவி, பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி நடக்கவிடுகிறாள். வேப்பெண்ணெய் தடவும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதற்கு விளக்கவுரையே வேண்டாம்.

இருட்டு இருவருக்கும் ஒன்றுதான். அதில் கையை என்ன செய்வது என்பதில்தான் வேறுபாடு. லூத்தர் இறுகப் பிடிக்கச் சொல்கிறார்: பாவமும் மனசாட்சியும் நெருக்கும்போது, 'நான் ஞானஸ்நானம் பெற்றவன்' என்று எதிர்த்துச் சொல். வாக்கு வெளியிலிருந்து வந்தது. உன் மனநிலை மாறினாலும் அது மாறாது. யோவான் கையை விரிக்கச் சொல்கிறார்: ஆறுதல், தரிசனம், உணர்ச்சி எதையும் பற்றிக்கொள்ளாதே, விசுவாசம் மட்டும் போதும், இந்த வறட்சியே கடவுளின் வேலை.

எனக்கு இருவரும் வேண்டும், ஆனால் ஒரே ஆளிடம் இருவரையும் கொண்டுபோகமாட்டேன். செய்த பாவம் உறுத்தி, கடவுள் என்னைத் தள்ளிவிட்டார் என்று படுக்கையில் கிடக்கிறவருக்கு லூத்தர். அவரிடம் கையை விரி என்றால் விழுந்துவிடுவார். இருபது வருஷம் உண்மையாக ஜெபித்த பிறகு உள்ளே ஒன்றுமே அசையாமல் போனவருக்கு யோவான். அவரிடம் போய், 'உங்க ஜெபம் பத்தல' என்று சொல்வது கொடுமை. அதைச் சொல்கிறவர்கள் நம் சபைகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.