கை பழகிய மென்பொருள் கடையைக் கட்டினால் எந்தப் பக்கம் தாவுவது?

2014 மார்ச்சில் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அறிவித்தது: 3டி அனிமேஷன் மென்பொருளான சாஃப்ட்இமேஜுக்கு 2015 பதிப்புதான் கடைசி, 2016 ஏப்ரலோடு ஆதரவும் நின்றுவிடும். 2008இல் அதை விலைகொடுத்து வாங்கியவர்களே ஆறு வருடத்தில் மூடுவிழா நடத்தினார்கள். அதே வேலை செய்யும் மாயாவும் 3டிஎஸ் மேக்ஸும் அவர்களிடமே இருந்தன, மூன்றாவது எதற்கு என்ற கணக்கு. சாஃப்ட்இமேஜில் வருடக்கணக்கில் கை பழகிய கூட்டத்தில் நானும் ஒருவன். 2024 நவம்பரில் ஃபவுண்டரி நிறுவனம் மோடோ என்ற தன் 3டி மென்பொருளை இனி வளர்க்கப்போவதில்லை என்று சொன்னபோது, மோடோக்காரர்கள் கேட்டதும் நாங்கள் கேட்ட அதே கேள்விதான்: இனி எதைக் கற்றுக்கொண்டால் வேலை கிடைக்கும்?

மென்பொருள் உயிரோடு இருப்பது வேறு, அதற்கு வேலை இருப்பது வேறு. லைட்வேவ் என்ற பழைய 3டி மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் புதுக் கைக்கு மாறி, மறுபடி பதிப்புகள் வருகின்றன. ஆனால் வேலை விளம்பரங்களில் அதன் பெயரைத் தேடிப் பார்த்தால் கண் வலிதான் மிச்சம். அதனால் நிறுவனத்தின் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். விளம்பரங்களில் பெயர் அருகும்போதே மணி அடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, வழிகளைப் பார்ப்போம்.

பழையதிலேயே இருந்துவிடுவது ஒரு வழி. கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், ஆனால் கொஞ்ச காலத்துக்கு இது நல்ல வழிதான். ஒரு தொடரின் ரிக்குகள் (கதாபாத்திரத்தை அசைக்கக் கட்டும் எலும்புக்கூடும் பிடிகளும்) எல்லாம் பழைய மென்பொருளில் கட்டப்பட்டிருந்தால், நடுவில் மாற்ற எந்தத் தயாரிப்பாளரும் ஒத்துக்கொள்ளமாட்டார். அந்த மென்பொருள் தெரிந்த ஆட்களோ ஒவ்வொருவராக வேறு பக்கம் போய்க்கொண்டிருப்பார்கள். மீதி இருப்பவருக்குப் பேரம் பேச இடம் உண்டு. சிக்கல் தொடர் முடிந்த பிறகு வருகிறது. கடைசி இரண்டு வருட வேலை முழுக்க யாரும் கேட்காத ஒன்றில் இருக்கும், ஒப்பந்தமும் முடிந்திருக்கும். இந்த வழியில் போகிறவர் பகலில் பழையது, இரவில் புதியது என்று ஓட்டினால் தப்பிக்கலாம். இரவை விட்டுவிட்டால் கஷ்டம்.

அடுத்தது மாயா. கேரக்டர் அனிமேஷனுக்கு ஸ்டூடியோ வேலை தேடுகிறவர்களில் பெரும்பாலோர் கடைசியில் வந்து சேரும் இடம். 1998இல் வந்த மென்பொருள் இன்னும் அசையாமல் உட்கார்ந்திருப்பதற்கு அதன் அழகு காரணமில்லை. ஸ்டூடியோக்கள் அதைச் சுற்றி வருடக்கணக்கில் எழுதி வைத்திருக்கும் பைத்தான், மெல் (மாயாவின் சொந்த நிரல்மொழி) கருவிகள்தான் காரணம். ஷாட்டைத் திறப்பது, ரிக்கை இழுத்து வருவது, லைட்டிங் துறைக்கு அனுப்புவது எல்லாம் அந்தக் கருவிகள் வழியாகவே நடக்கும். அதைப் பிரித்துப் போட யாருக்கும் மனசு வராது.

மாயாவுக்குப் போன முதல் வாரம் எனக்கு நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். எக்ஸ்எஸ்ஐ-யில் (சாஃப்ட்இமேஜின் இன்னொரு பெயர்) ‘எஸ்’ விசையைப் பிடித்துக்கொண்டு மௌஸை நகர்த்தினால் கேமரா சுற்றும். நாள் முழுக்க இடது கை விரல் அந்த விசை மேலேயே கிடக்கும். மாயாவில் அதே ‘எஸ்’ கீஃப்ரேம், அதாவது அந்தக் கணத்தின் நிலையைப் பதியும் குறி, போடும் விசை. நான் பாட்டுக்குக் காட்சியைச் சுற்றிப் பார்ப்பதாக நினைத்துத் தட்டிக்கொண்டே இருந்தேன். மாலையில் அசைவை வளைவுகளாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்தால், தோள், முழங்கை, மணிக்கட்டு என்று எல்லாச் சேனல்களிலும் எறும்பு மொய்த்த மாதிரி கீ. கை இறங்கும் இடத்தில் வழவழவென்று போக வேண்டிய வளைவு, படிக்கட்டு மாதிரி உடைந்து கிடந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க ஒரு மணி நேரம். அப்புறம் பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளைத் தொட்டபோது ‘எஸ்’ தட்டினேன், கதாபாத்திரத்தின் தலை பூசணிக்காய் மாதிரி உப்பியது. அங்கே அது அளவு மாற்றும் விசை, கீ போடுவதற்கு ‘ஐ’.

ஆனால் பொறுக்கி எடுத்து முடித்ததும் இன்னொன்றும் தெரிந்தது. மிச்சமிருந்த வளைவு நான் பழைய மென்பொருளில் போடும் அதே வளைவு. எங்கே தங்க வேண்டும், எங்கே வேகம் பிடிக்க வேண்டும், இடுப்பு முதலில் நகர்ந்து தோள் எப்போது பின்னால் வர வேண்டும் என்பதெல்லாம் அப்படியே இருந்தது. ஷாட் அனிமேட்டருக்கு மாறுவதில் போவது விரல் பழக்கம் மட்டும்தான். என் அனுபவத்தில் ஒரு மாதம். ரிக்கருக்கு இழப்பு அதிகம்: எலும்பை எங்கே வைப்பது என்ற அறிவு கூடவே வரும், ஆனால் கன்ஸ்ட்ரெயின்டுகளும் (ஒன்றை இன்னொன்றோடு பிணைப்பவை) டிஃபார்மர்களும் (உருவத்தை வளைப்பவை) வேறு பெயரில், வேறு குணத்தில் இருக்கும். கருவி எழுதுகிறவர்தான் பாவம், பைத்தான் வரும், கட்டளைகள் ஒன்றுகூட வராது.

மாயாவின் குறை, வரிசை நீளம். பழைய மென்பொருளில் நீங்கள் அபூர்வமான ஆள், இங்கே நூறு பேர் நிற்கும் வரிசையில் ஒருவர். அதனால் ஷோரீலின் (வேலை கேட்கும்போது காட்டும் மாதிரி வீடியோ) முன்னால் மாயாவில் செய்த புது ஷாட் ஒன்றாவது இருக்க வேண்டும். இலவச ரிக் போதும், பத்து விநாடி போதும். பழைய வேலை எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் அதற்குப் பின்னால் வரட்டும்.

பிளெண்டருக்கு வருவோம். ஐந்து வருடம் முன்னால் கேட்டிருந்தால் தயங்கியிருப்பேன். 2002இலிருந்து திறமூல மென்பொருள், ஆனால் 2019இல் 2.8 பதிப்பு வந்த பிறகுதான் மற்ற மென்பொருள் பழகியவர்கள் திட்டாமல் திறக்கும்படி ஆனது. 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய ‘ஃப்ளோ’ இதில் செய்யப்பட்டது. அதன் இயக்குநர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் படத்தை உடனுக்குடன் உருவாக்கித் தரும் ஈவீ ரெண்டருக்காகவே 2019இல் பிளெண்டருக்கு மாறியவர். இதைக் காட்டி, ‘மாயா செத்துப்போச்சு’ என்று சிலர் குதிக்கிறார்கள். அவசரம் வேண்டாம். ஒரு படம் ஆஸ்கர் வாங்குவதாலேயே பெரிய ஸ்டூடியோக்கள் பைப்லைனை (வேலை துறைக்குத் துறை நகரும் ஏற்பாடு) மாற்றிவிடாது. கனமான ரிக்கை நிகழ்வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதிலும், 2019 பதிப்பிலிருந்து கேச்டு பிளேபேக் (கணக்கிட்டதை நினைவில் வைத்து ஓட்டிக்காட்டும் வசதி) வைத்திருக்கும் மாயாதான் எனக்குக் கை கொடுக்கிறது. ஆனால் சொந்த வாடிக்கையாளர்கள், சின்னக் குழு, விளம்பரம், மாடலிங் முதல் ரெண்டர் வரை ஒரே ஆள் என்றால் பிளெண்டரோடு போட்டி போட ஆளில்லை. லைசென்ஸ் கவலையும் இல்லை. மோடோ, லைட்வேவ் பக்கமிருந்து வருகிறவர்கள் பலர் இந்த ரகம் என்பதால், அவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

ஹூடினி என்ற எஃபெக்ட்ஸ் மென்பொருள் எல்லோருக்கும் இல்லை. சாஃப்ட்இமேஜில் ஐஸ் என்ற நோடு அமைப்பில் (சின்னச் சின்னக் கட்டங்களை இணைத்து வேலை வாங்குவது) ஊறியவர்கள், துகள், புகை, உடைப்பு என்று வாழ்ந்தவர்கள் யோசிக்காமல் அங்கே போகலாம். நோடைக் கோத்துச் சிந்திக்கும் மூளை ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. எஃபெக்ட்ஸ் வேலை விளம்பரம் என்றாலே பெரும்பாலும் ஹூடினிதான். பழக இலவச அப்ரென்டிஸ் பதிப்பும் இருக்கிறது. கேரக்டர் அனிமேட்டர் இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை.

2டி-யில் ஃபிளாஷ் பழகியவர்கள் கொஞ்சம் குழம்பிப்போயிருக்கிறார்கள். 2020 டிசம்பரோடு போனது பிரவுசரில் ஓடும் ஃபிளாஷ் பிளேயர். வரைகிற மென்பொருள் 2016இலிருந்து அனிமேட் என்ற பெயரில் ஓடியது. இருந்தாலும் தொடர் தயாரிப்பில் டூன் பூம் ஹார்மனிதான் கேட்கிறார்கள். சிம்பல்களை வெட்டி ஒட்டிப் பொம்மை கட்டத் தெரிந்தவருக்கு அதன் பெக்குகள் (பாகங்களை அசைக்கும் பிடிகள்) அந்நியமில்லை. ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் வரைகிறவர் என்றால் 2016இல் திறமூலமாகிவிட்ட ஓபன்டூன்ஸை ஒரு தடவை திறந்து பாருங்கள்.

எந்தப் பக்கம் தாவினாலும், பழைய லைசென்ஸ் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. நல்ல ஷாட்டுகளைத் திறந்து எஃப்பிஎக்ஸ் கோப்பாக ஒரு தடவை, அலெம்பிக் கோப்பாக ஒரு தடவை வெளியே எடுத்துவிடுங்கள். எஃப்பிஎக்ஸில் எலும்பும் கீயும் வரும், கன்ஸ்ட்ரெயின்டும் எக்ஸ்பிரஷனும் (அசைவை ஓட்டும் சூத்திரம்) பெரும்பாலும் வராது. அலெம்பிக்கில் உருவம் நகர்வது அப்படியே வரும், ஆனால் திருத்த முடியாது. இரண்டும் இருந்தால் புது மென்பொருளில் லைட் போட்டு, ரெண்டர் எடுத்து ஷோரீலில் சேர்க்கலாம். நான் இதைப் பாதியில் விட்டேன். கிழவி ஒருத்தி படி ஏறும் ஷாட், நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது, இப்போது மங்கலான வீடியோவாக மட்டும் கிடக்கிறது. சீன் கோப்பு பத்திரமாக இருக்கிறது, திறக்கத்தான் ஒன்றுமில்லை.